'இல்லை' என்று சொன்னவர்கள்

2025 ஏப்ரலில் ஒரு கிரகம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. பெயர் கே2-18பி. சிம்ம ராசி நட்சத்திரங்கள் தெரியும் திசையில், 124 ஒளியாண்டு தொலைவில், மங்கலான ஒரு சிவப்பு நட்சத்திரத்தை 33 நாளுக்கு ஒரு முறை அது சுற்றி வருகிறது. பூமியைப் போல எட்டு மடங்குக்கும் அதிகமான எடை. அதன் காற்று மண்டலத்தில் டைமெதில் சல்ஃபைடு என்ற வாயுவின் அடையாளம் தெரிவதாக ஒரு விஞ்ஞானிகள் குழு அறிவித்தது. குழுவின் தலைவர், இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் நிக்கு மதுசூதன். பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் வெளியிடுபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். தலைப்புச் செய்திக்கு இது போதாதா? வேற்றுக் கிரகத்தில் உயிர் இருக்கிறது என்ற அர்த்தத்தில் கொட்டை எழுத்துகள் அச்சேறின.

அறிக்கையின் உள்ளே இருந்தது இன்னும் அடக்கமான சங்கதி. கிடைத்த சமிக்ஞை தற்செயலாகத் தோன்றியிருக்க வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். 'கண்டுபிடிப்பு' என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ள அது 0.00006 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி மூலம் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் பார்த்தால் அந்த எல்லையைத் தொடலாம் என்று குழுவே சொல்லியிருந்தது. சில வாரங்களுக்குள் வேறு குழுக்கள் அதே தகவல்களை எடுத்து மறுபடியும் கணக்குப் போட்டன. அந்த வாயு இருக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றன. இந்த இரண்டாவது செய்திக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை.

படிக்கிறவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. நேற்று இருக்கிறது என்றார்கள், இன்று இல்லை என்கிறார்கள், நாளை என்ன சொல்வார்களோ? இதற்கு எதற்குக் கோடிக்கணக்கில் செலவு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் சூரிய மண்டலத்துக்கு வெளியே கிரகம் தேடும் இந்தத் துறையின் கதையைப் புரட்டிப் பார்த்தால், 'இல்லை' என்ற சொல்லுக்கு அங்கே தனி மரியாதை இருப்பது தெரியும். இன்று நம்பத்தகுந்த கிரகங்கள் ஆயிரக்கணக்கில் கையில் இருக்கின்றன என்றால், அதற்கு 'இருக்கிறது' என்றவர்கள் பாதிக் காரணம். 'இல்லை' என்றவர்கள் மீதிப் பாதி.

கதை தொடங்குவது சென்னையில். கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் நடத்திய வானாய்வுக்கூடத்தின் தலைவராக 1850களில் இருந்தவர் கேப்டன் டபிள்யூ.எஸ். ஜேகப். 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தை அவர் தொடர்ந்து அளந்துவந்தார். இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்ற சுமார் 88 ஆண்டுகள் ஆகின்றன. கணக்குப்படி அவை நிற்க வேண்டிய இடத்துக்கும் அளவையில் கிடைத்த இடத்துக்கும் சிறு வித்தியாசம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்கே இருந்துகொண்டு இழுக்கிறது என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று 1855இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத வெளியீட்டில் ஜேகப் எழுதினார். நம் சூரியனை விட்டு வேறொரு சூரியனுக்குக் கிரகம் உண்டு என்று அளவையை ஆதாரமாகக் காட்டிச் சொன்ன ஆரம்ப கால வாதங்களில் இது முக்கியமானது.

அந்தக் கிரகம் அங்கே இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே நட்சத்திர ஜோடிக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று மறுபடியும் வாதாடினார். அவர் சொன்ன பாதையில் அப்படி ஒன்று நிலைத்து நிற்கவே முடியாது என்று 1899இல் ஃபாரஸ்ட் மௌல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, மெல்லிய கம்பியை நகர்த்தி நட்சத்திர இடைவெளியை அளப்பார்கள். கிடைத்த வித்தியாசம் அந்தக் கண்ணும் கையும் செய்யக்கூடிய பிழைக்குள் அடங்கிவிட்டது. ஜேகப்பின் ஆய்வுக்கூடமும் இன்று இல்லை. அதன் பழைய கருவியைத் தாங்கிய 15 அடி உயரக் கருங்கல் தூண் மட்டும், 1792 என்ற ஆண்டைச் சுமந்தபடி, நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது.

ஜேகப்பைக் குறை சொல்வதற்கில்லை. வேலை அவ்வளவு கடினம். சூரியனைத் தொலைவிலிருந்து பார்த்தால், பக்கத்தில் இருக்கும் வியாழன் அதைவிட சுமார் நூறு கோடி மடங்கு மங்கலாகத் தெரியும். பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றும் கொசுவை அடுத்த ஊரிலிருந்து பார்ப்பது போன்ற காரியம். ஆகவே கிரகத்தை நேரடியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு நட்சத்திரத்தின் நடத்தையைக் கவனித்தார்கள். பெரியவர் ஒருவர் குழந்தையின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றும்போது குழந்தை பெரிய வட்டம் போடும். பெரியவரும் ஒரே இடத்தில் நிற்க மாட்டார். அவரும் சற்றுச் சாய்ந்து ஒரு சின்ன வட்டம் போடுவார். இருட்டில் குழந்தை தெரியாவிட்டாலும் பெரியவரின் ஆட்டத்தை வைத்துக் கையில் குழந்தை இருப்பதை ஊகிக்கலாம். சூரியனை வியாழன் ஆட்டுவது வினாடிக்கு சுமார் 12 மீட்டர் வேகத்தில், ஏறக்குறைய ஒரு நகரப் பேருந்தின் வேகம். பூமி ஆட்டுவது வினாடிக்கு 9 சென்டிமீட்டர். அது தவழும் குழந்தையைவிட மெதுவு. பல லட்சம் கோடி கிலோமீட்டர் தாண்டி இந்த ஆட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

இந்த ஆட்டம் மிகச் சிறியது என்பதால் வேறு எது ஆடினாலும் அதுவே கிரகமாகத் தெரிந்துவிடும். எது எது ஆடக்கூடும் என்பதை ஒவ்வொரு தோல்வியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் ஆடியது லென்ஸ். பூமியிலிருந்து 6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது பெர்னார்டு நட்சத்திரம். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்ப்ரோல் வானாய்வுக்கூடத்தில் பீட்டர் வான் டி காம்ப் அதைப் பல்லாண்டுகள் விடாமல் புகைப்படம் எடுத்தார். ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளை அளந்து, வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று 24 ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சுற்றுவதாக 1963இல் அறிவித்தார். தகட்டில் அவர் கண்ட அசைவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து ஆண்டுகள் உலகம் அதை நம்பியது. நட்சத்திரங்களுக்கு விண்கலம் அனுப்ப முடியுமா என்று 1970களில் திட்டம் தீட்டிய பிரிட்டிஷ் பொறியாளர்கள்கூட போய்ச் சேர வேண்டிய இடமாக பெர்னார்டு நட்சத்திரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

1973இல் இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. ஜார்ஜ் கேட்வுட்டும் ஹெய்ன்ரிக் ஐக்ஹார்னும் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த தகடுகளை அளந்து, ஆட்டமே தெரியவில்லை என்றார்கள். ஸ்ப்ரோலிலேயே பணியாற்றிய ஜான் ஹெர்ஷி இன்னும் சங்கடமான ஒன்றைக் கண்டார். வேறு ஒரு நட்சத்திரமும் அதே ஆண்டுகளில் அதேபோல் துள்ளியிருந்தது. அந்த ஆண்டுகள் தொலைநோக்கியின் லென்ஸ் அமைப்பை மாற்றிச் சரிசெய்த ஆண்டுகள். வான் டி காம்ப் கடைசிவரை இதை ஏற்கவில்லை. 1995 மே மாதம் அவர் காலமானார். சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் உண்மையான கிரகம் பற்றிய அறிவிப்பு வர அப்போது ஐந்து மாதங்கள்கூட இல்லை.

அடுத்து ஆடியது பூமி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியில் ஆண்ட்ரூ லைனும் அவருடைய சகாக்களும் பல்ஸார் எனப்படும் துடிக்கும் நட்சத்திரங்களை ஆராய்ந்தார்கள். வெடித்துச் சிதறிய பெரிய நட்சத்திரத்தின் மிச்சம்தான் பல்ஸார். கடிகாரம்போல் தவறாமல் ரேடியோ துடிப்புகளை அனுப்பும். அப்படி ஒன்றின் துடிப்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சற்று முந்தியும் பிந்தியும் வந்தது. யுரேனஸ் அளவிலான கிரகம் சுற்றுகிறது என்று 1991 ஜூலையில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகமே பரபரத்தது.

ஆறு மாதம் என்பது பூமியின் ஆண்டில் சரிபாதி என்பது உறுத்தாமல் இல்லை. 1992 ஜனவரியில் அட்லாண்டாவில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் லைன் பேச வேண்டும். அதற்குச் சற்று முன்புதான் தவறு அவருக்கே புலப்பட்டது. பல்ஸார் இருக்கும் திசையைப் பற்றிய கணிப்பில் சிறு பிழை. அதோடு, பூமியின் அசைவைக் கழிக்கும் கணக்கில் பூமி செல்லும் பாதையை வட்டமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அது நீள்வட்டம். இரண்டும் சேர்ந்து இல்லாத கிரகத்தை உண்டாக்கிவிட்டன. லைன் மேடையேறி, கிரகம் மறைந்துவிட்டது, தவறு எங்களுடையது என்பதை விளக்கமாகச் சொன்னார். அரங்கத்தில் இருந்த வானியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கண்டுபிடிப்பை வாபஸ் வாங்கியவருக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைப்பது அபூர்வம்.

அடுத்துப் பேசியவர் போலந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் வோல்ஷ்சான். அவரிடமும் ஒரு பல்ஸார் இருந்தது, அதைச் சுற்றிக் கிரகங்களும் இருந்தன. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்கு 67 நாள், மற்றதற்கு 98 நாள். ஒவ்வொன்றும் பூமியைப் போலச் சில மடங்கு எடை. லைன் வழுக்கி விழுந்த இடத்தில் வோல்ஷ்சான் ஏற்கெனவே கல் பதித்திருந்தார். பல்ஸார் இருக்கும் திசையை டேல் ஃப்ரெய்ல் மூலம் வேறொரு ரேடியோ தொலைநோக்கி வரிசையைக் கொண்டு தனியாக, துல்லியமாக அளந்து வாங்கியிருந்தார். இரண்டு கிரகங்களும் ஒன்றையொன்று இழுப்பதையும் 1994இல் அவரால் காட்ட முடிந்தது. லென்ஸோ பூமியோ அப்படி நடிக்க முடியாது. சூரிய மண்டலத்துக்கு வெளியே முதன்முதலில் ஐயமற நிலைநாட்டப்பட்ட கிரகங்கள் இவைதான்.

தவறை ஒப்புக்கொள்வது புகழ் தரும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. எச்சரிக்கைக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் கனடாக்காரர்கள். ப்ரூஸ் கேம்பெல், கோர்டன் வாக்கர், ஸ்டீபன்சன் யாங் மூவரும் 1980களில் ஹவாய் தீவின் மலையுச்சியில் நட்சத்திர ஒளியை ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயு வழியே செலுத்தி, நிறமாலையில் ஏற்படும் நுட்பமான நகர்வை அளந்தார்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்தான வாயு அது. காமா செஃபை என்ற நட்சத்திரம் ஆடுவதைக் கண்டு 1988இல் எழுதினார்கள். ஆனால் அந்த நட்சத்திரமே தன் சுழற்சியாலும் மேற்பரப்பு மாற்றத்தாலும் இப்படிக் காட்டலாம் என்ற சந்தேகம் பிறந்தது. 1992இல் அவர்களே பின்வாங்கினார்கள். கேம்பெல் நிரந்தர வேலை கிடைக்காமல் வானியலை விட்டே விலகியிருந்தார். 2003இல் வேறு குழு நீண்ட கால அளவைகளோடு வந்து, அங்கே உண்மையிலேயே கிரகம் இருக்கிறது என்று உறுதி செய்தது. முதலில் கண்டவர்கள் கனடாக்காரர்கள். அவர்கள் 'தெரியவில்லை' என்று சொன்னது அன்றைய ஆதாரத்துக்கு நேர்மையான பதில். அந்த நேர்மைக்கு யாரும் நோபல் தரவில்லை.

நோபல் போனது ஜெனீவாவுக்கு. மிஷெல் மேயரும் அவருடைய மாணவர் டிடியே கெலோஸும் தெற்கு பிரான்ஸில் உள்ள ஹாட்-ப்ரோவான்ஸ் வானாய்வுக்கூடத்தில் புதிய நிறமாலைக் கருவி ஒன்றை அமைத்திருந்தார்கள். 50 ஒளியாண்டு தொலைவில் உள்ள 51 பெகாசி என்ற நட்சத்திரம் நான்கே கால் நாளுக்கு ஒரு முறை ஆடியது. வியாழனில் பாதி எடையுள்ள கிரகம் தன் நட்சத்திரத்தை 80 லட்சம் கிலோமீட்டருக்குள் ஒட்டிச் சுற்றுகிறது என்று அர்த்தம். நம் புதன் சூரியனுக்கு 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு பெரிய கிரகம் அவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் என்று அன்றைய கோட்பாடுகள் எதிர்பார்க்கவில்லை. கெலோஸுக்கு முதலில் எழுந்த சந்தேகம் தன் கருவியின் மேல்தான். நட்சத்திரம் மறுபடி கண்ணில் படும் 1995 ஜூலை வரை காத்திருந்தார்கள். ஆட்டம் கணக்குப்படியே இருந்தது. அக்டோபர் 6 அன்று ஃபிளாரன்ஸ் நகரக் கூட்டத்தில் அறிவித்தார்கள். ஒரு வாரம் கழிவதற்குள் கலிபோர்னியாவின் லிக் வானாய்வுக்கூடத்தில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் அதே ஆட்டத்தைப் பார்த்துவிட்டார்கள். 2019இல் மேயருக்கும் கெலோஸுக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

அந்த வெற்றிக்கும் இடையில் ஒரு 'இல்லை' வந்தது. 1997இல் கனடாவின் டேவிட் கிரே, நட்சத்திரமே துடிக்கிறது, கிரகம் இல்லை என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். மறுப்பு கடுமையானது, வாக்குவாதமும் சூடாக நடந்தது. பிறகு கிரே இன்னும் துல்லியமாக அளந்து பார்த்தார். துடிப்பு தெரியவில்லை. 1998இல் அதே இதழில், கிரகம்தான் காரணம் என்று அவரே எழுதினார். 'இருக்கிறது' என்பதை வாபஸ் வாங்குவதைப்போல 'இல்லை' என்பதையும் வாபஸ் வாங்கலாம். துறையின் நாணயம் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிறது.

மூன்றாவதாக ஆடியது நட்சத்திரம். சூரியனுக்குக் கரும்புள்ளிகள் இருப்பதுபோல பல நட்சத்திரங்களுக்கும் முகத்தில் மாசு உண்டு. நட்சத்திரம் சுழலும்போது அந்த மாசும் சுழன்று, ஆட்டம்போல் கண்ணைக் கட்டும். க்ளீஸ 581 என்ற நட்சத்திரத்துக்கு உயிர் வாழத் தகுந்த கிரகம் இருப்பதாக 2010இல் அறிவித்தபோது உலகம் முழுவதும் கொண்டாட்டம். 2014இல் வெளிவந்த ஆய்வு, அது நட்சத்திரத்தின் காந்தச் செயல்பாடு காட்டிய மாயம் என்றது. கூடவே இன்னொரு கிரகத்தையும் அழித்தது.

நான்காவதாக ஆடியது காலண்டர். நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத் தொகுதியில் ஆல்ஃபா சென்டாரி பி என்ற நட்சத்திரத்துக்கு பூமி அளவில் கிரகம் உண்டு என்று 2012இல் ஜெனீவா குழு சொன்னது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வினேஷ் ராஜ்பாலும் சகாக்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். கிரகமே இல்லாத கற்பனை நட்சத்திரம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் படைத்து, ஜெனீவா குழு தொலைநோக்கி வழியே பார்த்த அதே தேதிகளில் அதைப் 'பார்த்தார்கள்'. அதே கிரகம் வந்து நின்றது. பார்த்த இரவுகளுக்கும் பார்க்காத இரவுகளுக்கும் இடையே இருந்த இடைவெளிதான் கிரகத்தைப் பெற்றெடுத்திருந்தது.

பெயர் சூட்டுவிழா நடந்த பிறகு காணாமல் போன கிரகமும் உண்டு. ஃபோமல்ஹாட் என்ற நட்சத்திரத்தின் அருகே ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கிரகத்தையே நேரில் படம் பிடித்தாயிற்று என்று 2008இல் செய்தி வந்தது. 2015இல் உலக மக்களிடம் வாக்கெடுத்து அதற்கு டேகன் என்று பெயர் வைத்தார்கள். 2020இல் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது புள்ளி விரிந்து மங்கிக் கடைசியில் மறைந்துபோயிருந்தது. இரண்டு பெரும் பாறைகள் மோதியதில் கிளம்பிய தூசி மேகம் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

இந்தப் பட்டியலைப் படித்து இந்த விஞ்ஞானிகளுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தத் தவறும் அதே உருவத்தில் மறுபடி நீடிக்கவில்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு கேள்வியை விட்டுச்சென்றது. ஆடியது கருவியா? பூமியா? நட்சத்திரத்தின் முகத்தில் உள்ள புள்ளியா? பார்த்த தேதிகளா? வேறு இடத்தில் வேறு கருவியில் பார்த்தாலும் தெரிகிறதா? இன்று ஒரு கிரகத்தை அறிவிக்கும் முன் இத்தனை கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். பழைய தோல்விகள்தான் இன்றைய வினாத்தாள்.

அந்த வினாத்தாளில் தேறியவற்றின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000ஐத் தாண்டியது. இவற்றில் பெரும்பாலானவை வேறொரு முறையில் அகப்பட்டவை. கிரகம் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும். சூரியனை வியாழன் மறைத்தால் ஒரு சதவீதம் குறையும், பூமி மறைத்தால் அதில் நூறில் ஒரு பங்குதான். 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்கலம் இந்த முறையில் 2,600க்கும் மேற்பட்ட கிரகங்களைத் தேடித் தந்தது. இங்கும் ஏமாற்று உண்டு. பின்னால் எங்கோ இருக்கும் இரட்டை நட்சத்திரம் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டாலும் ஒளி குறையும். ஆகவே ஒளி குறைந்ததைப் பார்த்தவுடன் கிரகம் என்று எழுதிவிடுவதில்லை. 'வேட்பாளர்' என்று மட்டும் எழுதுவார்கள். பிறகு வேறொரு தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்து எடை சொல்ல வேண்டும்.

இந்தியா இந்தக் கதைக்குத் திரும்பி வந்தது இந்த வழியில்தான். ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் ராஜஸ்தானின் அபு மலையில், குரு சிகரத்தில், 'பரஸ்' என்ற நிறமாலைக் கருவியை அமைத்தார்கள். காற்றழுத்தமும் வெப்பமும் மாறி அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகக் கருவி வெற்றிடக் கலத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கெப்ளர் விண்கலம் வேட்பாளராக நிறுத்திய ஒன்றை அதன்மூலம் ஆராய்ந்து, பூமியைப் போல சுமார் 27 மடங்கு எடையும் 6 மடங்கு ஆரமும் உள்ள கிரகம் என்று 2018இல் உறுதி செய்தார்கள். 600 ஒளியாண்டு தொலைவில், பத்தொன்பதரை நாளுக்கு ஒரு சுற்று. அடுத்து 2.5 மீட்டர் தொலைநோக்கியும் 'பரஸ்-2' கருவியும் அதே மலைக்கு வந்தன. இருபத்தைந்து அங்குலம் பேசும் செய்தி கிடைக்காத வேலை இது. யாரோ காட்டியதை இன்னொருவர் எடை போட்டு ஆம், இல்லை என்று சொல்வது. ஜேகப்புக்கு 1855இல் கிடைக்காமல் போனது இந்த இரண்டாவது ஆள்தான்.

பெர்னார்டு நட்சத்திரத்தின் கதையும் அங்கேயே முடிந்துவிடவில்லை. 2018இல் மறுபடியும் கிரகம் என்றார்கள், 233 நாள் சுற்று. 2021இல் மறுபடியும் இல்லை என்றார்கள், நட்சத்திரத்தின் சொந்தச் சுழற்சிதான் ஏமாற்றியது என்று. 2024 அக்டோபரில், சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியின் நுட்பமான கருவி மூன்று நாளில் சுற்றும் சின்னஞ்சிறு கிரகம் ஒன்றைக் காட்டியது. 2025 மார்ச்சில், ஹவாயில் வேறொரு தொலைநோக்கியில் வேறொரு கருவியைக் கொண்டு வேறொரு குழு பார்த்தது. அதே கிரகம் தெரிந்தது, கூட மூன்று. நான்கும் பூமியில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட முழுதாகத் தேறாதவை அல்லது அதை ஒட்டியவை. வான் டி காம்ப் சொன்ன ராட்சதக் கிரகம் அவற்றில் இல்லை. அவர் நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்கிறது என்ற வார்த்தை மட்டும் அறுபது ஆண்டு கழித்து, வேறு ஆதாரத்தின் பேரில், மெய்யாகியிருக்கிறது.

கே2-18பி விவகாரத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அது மோசடியும் இல்லை, வெற்றியும் இல்லை. கிரகம் இருப்பதில் சந்தேகமில்லை. அதில் மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாக 2023இல் அதே குழு அறிவித்திருந்தது. தகராறு அந்த ஒரு வாயுவைப் பற்றியது. வினாத்தாளில் இங்கே ஒரு புதிய கேள்வியும் சேர்கிறது. வாயு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதை உண்டாக்க உயிர் தேவையா? ரொஸெட்டா விண்கலம் சுற்றி வந்த ஒரு வால்நட்சத்திரத்தில் இதே டைமெதில் சல்ஃபைடின் தடயம் இருந்ததாக 2024இல் தெரியவந்தது. வால்நட்சத்திரத்தில் கடலும் இல்லை, கடலில் மிதக்கும் நுண்ணுயிரும் இல்லை.

ஆகவே அடுத்த முறை வேற்றுக் கிரகம், உயிர், கண்டுபிடிப்பு என்ற மூன்று சொற்களும் ஒரே தலைப்பில் வந்தால், செய்தியின் கீழ்ப்பகுதியில் ஒரு தகவலைத் தேடலாம். வேறு யாராவது வேறு கருவியால் பார்த்தார்களா? பார்த்திருந்தால் தைரியமாக வீட்டில் எல்லோருக்கும் சொல்லலாம். இல்லாவிட்டால் கிரகத்தின் பெயரை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். பதில் வர இரண்டு ஆண்டுகள் ஆகலாம், காமா செஃபைபோல் பதினைந்து ஆண்டுகளும் ஆகலாம். வரும்போது அது எட்டாம் பக்கத்தில் ஆறு வரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.